58300-க்கு யார் பணம் கட்டுவது?

ஓஹியோவில் ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தில் சேர்ந்தபோது எனக்குக் கிடைத்த வேலை க்ளெய்ம் விதிகள் எழுதுவது. டாக்டரிடமிருந்து வரும் பில்லில் சிகிச்சைக்கு ஒரு எண்ணும் நோய்க்கு ஒரு எண்ணும் இருக்கும். இரண்டையும் பார்த்துப் பணம் தரலாமா, கூடாதா என்று மென்பொருள் முடிவெடுக்க வேண்டும். கருப்பைக்குள் கருத்தடைச் சாதனம் பொருத்தினால் 58300. எங்கள் ஊர் பின்கோடுகூட எனக்கு மறந்துவிட்டது, இது மறக்கவில்லை.

2012-ல் இந்த எண் அரசியலாகிவிட்டது. ஒபாமா கொண்டுவந்த 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தடுப்பு மருத்துவத்துக்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. 2011 ஆகஸ்டில் கருத்தடையும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. தேவாலயங்களுக்கு விலக்கு கொடுத்தார்கள். ஆனால் கருத்தடையை ஏற்காத கத்தோலிக்கத் திருச்சபை நடத்தும் ஆஸ்பத்திரிக்கும் கல்லூரிக்கும் கொடுக்கவில்லை. ஆயர்கள் கொதித்துப்போனார்கள். பிப்ரவரி 10 அன்று ஒபாமா ஒரு நடுவழி சொன்னார்: அந்த நிறுவனங்கள் கட்ட வேண்டாம், காப்பீட்டு நிறுவனமே நேரடியாகக் கொடுக்கட்டும். டிவிக்காரர்கள் அதைச் சமரசம் என்றார்கள். எங்கள் அறையில் எழுந்த கேள்வி வேறு: சரி, எந்தக் கணக்கிலிருந்து? பெரிய நிறுவனங்கள் பல தங்கள் ஊழியர்களின் மருத்துவச் செலவைத் தாங்களே கட்டுகின்றன. நாங்கள் அவர்களுக்குக் கணக்குப்பிள்ளை மட்டும்தான். கணக்குப்பிள்ளை தன் கைக்காசைப் போடுவானா?

அந்த மாதம் 22-ஆம் தேதி சாம்பல் புதன். எங்கள் பிரிவின் மூத்த அலுவலர் நெற்றியில் சாம்பல் சிலுவையோடு வந்தார். எனக்குத் திருநீறு பார்த்துப் பழகிய கண், வித்தியாசமாகத் தெரியவில்லை. பக்கத்து மேஜைக்காரர் மட்டும் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தார். அதற்கு ஆறு நாள் முன்புதான் நாடாளுமன்றக் குழு இதைப் பற்றி விசாரணை வைத்திருந்தது. முதல் வரிசையில் சாட்சி சொல்ல உட்கார்ந்தவர்கள் எல்லோரும் ஆண்கள். சான்ட்ரா ஃப்ளூக் என்ற சட்டக் கல்லூரி மாணவியைப் பேச விடவில்லை. அலுவலகத்தில் யாரும் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அமெரிக்க அலுவலகங்களில் மதமும் அரசியலும் மதியச் சாப்பாட்டு மேஜைக்கு வராது. விதிகளுக்குள்தான் வரும்.

வந்தது. ஒவ்வொரு வாடிக்கை நிறுவனத்துக்கும் எங்கள் திரையில் ஒரு கட்டம் சேர்த்தோம். அதில் கருத்தடைச் செலவுக்கு மூன்றில் ஒன்றைப் போடலாம்: உண்டு, இல்லை, மாற்று ஏற்பாடு. ஓர் ஆயரின் நிர்வாகப் பகுதியான மறைமாவட்டத்துக்கு நான் 'இல்லை' போட்டேன். 2013 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது.

பிப்ரவரியில் ஒரு மேல்முறையீடு வந்தது. மாதவிடாயில் கட்டுக்கடங்காத ரத்தப்போக்கு என்று ஒரு பெண்ணுக்கு டாக்டர் மிரினா என்ற கருப்பைச் சாதனத்தைப் பொருத்தியிருக்கிறார். கருத்தடைக்கு மட்டுமல்ல, இந்த ரத்தப்போக்குக்கும் அனுமதி பெற்ற சாதனம் அது. பில்லில் நோய் எண் 626.2 என்று சரியாகவே போட்டிருந்தது. கருத்தடைக்கு என்றால் வி25.11 என்று வந்திருக்கும். என் விதி 58300-ஐப் பார்த்ததும் நிராகரித்துவிட்டது, நோய் எண்ணைப் பார்க்கவே இல்லை. தப்பு முழுக்க என்னுடையது. அவர் கால் சென்டருக்குப் பேசிய பதிவைக் கேட்கச் சொன்னார்கள். தன் ரத்தப்போக்கை மூன்றாவது ஆளிடம் விவரிக்கிறார். எத்தனை நாள், எத்தனை பேட், வேலைக்குப் போக முடியாத நாட்கள் எத்தனை. பாதியில் ஹெட்போனைக் கழற்றி வைத்தேன்.

விதியைத் திருத்தும் கூட்டத்தில் அந்த மூத்த அலுவலர் சொன்னார்: "நோய்க்கு வைத்தியம் என்றால் எங்கள் திருச்சபையே தடுக்கவில்லையே. 1968-லேயே போப்பாண்டவர் எழுதியிருக்கிறார்." மதத்துக்குப் பயந்து நான் எழுதிய விதி அந்த மதத்தைவிடக் கடுமையாக இருந்தது.

அதற்காக எல்லாம் தெளிந்துவிட்டது என்றில்லை. ஓக்லஹோமாவின் ஹாபி லாபி என்ற கைவினைப் பொருள் கடைக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். இருபது வகைக் கருத்தடையில் நான்கு மட்டும் ஆகாது என்றார்கள்: இரண்டு அவசர மாத்திரை, இரண்டு கருப்பைச் சாதனம். அவை கருவைக் கலைப்பதாக அவர்கள் நம்பினார்கள். சட்டத்தை மீறினால் வருடத்துக்கு 47.5 கோடி டாலர் அபராதம் வரும். 2014 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் 5-4 என்று அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரு கருப்பைச் சாதனத்தின் செலவு குறைந்தபட்சக் கூலிக்காரியின் ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம் என்று நீதிபதி கின்ஸ்பர்க் மறுப்புத் தீர்ப்பில் எழுதினார். பில் பார்ப்பவள் என்ற முறையில் சொல்கிறேன், மிகைப்படுத்தவில்லை. அப்புறம் வயதானவர்களைப் பராமரிக்கும் கன்னியர் மடத்தின் வழக்கு. விலக்கு கேட்டுப் படிவத்தில் கையெழுத்திடுவதே உடந்தை என்றார்கள் அவர்கள். ட்ரம்ப் அரசு விலக்கை விரித்தது, 2020-ல் நீதிமன்றம் 7-2 என்று அதை ஏற்றது.

அம்மா திருவண்ணாமலைப் பக்கம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தவர். சிவப்பு முக்கோணம் வரைந்த சுவருக்குக் கீழே உட்கார்ந்து காப்பர்-டி போட்டுக்கொள்ள ஆள் சேர்த்தவர். ஒருநாள் போனில் இதையெல்லாம் சொன்னேன். "ஏண்டி, அவ வேலை பாக்குற கடைக்காரனுக்கு இது எதுக்குத் தெரியணும்?" என்றார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சம்பளத்தை உயர்த்தத் தடை இருந்ததால் முதலாளிகள் காப்பீடு கொடுத்து ஆள் பிடித்தார்கள், அந்தப் பழக்கம் அப்படியே ஒட்டிக்கொண்டது என்று விளக்கினேன். "அரசாங்கம் குடுத்தா அங்க டார்கெட் தொல்லை" என்று அம்மாவே அடுத்ததைச் சொன்னார். இத்தனை பேர் என்று கணக்கு வைத்துக் கட்டாயக் கருத்தடை செய்த 1976 நெருக்கடி நிலை பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

அந்தப் பெண்ணின் க்ளெய்மை மறுபடி ஓட்டிப் பணம் அனுப்பினோம். அவருடைய பில்லைப் பெயரில்லாமல் ஒரு சோதனையாகச் சேர்த்துவைத்தேன். 2015 அக்டோபரில் நோய் எண்கள் எல்லாம் ஐசிடி-10 என்ற புதிய பட்டியலுக்கு மாறின. ஆயிரக்கணக்கான சோதனைகளை ஒரு ஸ்கிரிப்ட் மாற்றியது. இதை மட்டும் நான் கையால் மாற்றினேன்: 626.2-ஐ அழித்துவிட்டு, என்92.0.