நூல் பிரியற துணி வேணும்

மும்பையின் துணிச்சந்தையான மங்கள்தாஸ் மார்க்கெட்டில் ஒரு மதியம் முழுக்கச் சுற்றி, வாங்கியது மூணு மீட்டர் மெத்தென்ற ஃபிளானல் துணி மட்டும். ராக் குயில்ட் தைக்கப் போகிறேன். சாதாரண ஒட்டுத்துணிப் போர்வையில் தையல் விளிம்பு உள்ளே மறைந்துவிடும், இதில் வேண்டுமென்றே அதை மேல்பக்கம் விட்டு, தையலில் படாமல் குட்டிக் குட்டியாக வெட்டிவிட்டால், துவைக்கத் துவைக்கப் பிரிந்து புசுபுசுவென்று நிற்கும். கடைக்காரரிடம் "நூல் பிரியற காட்டன் இருக்கா?" என்று கேட்டேன். வாழ்நாள் முழுக்கப் பிரியாது என்று சொல்லியே விற்றவர், பாவம், ஒரு மாதிரி பார்த்தார்.

வீட்டுக்கு வந்து அலமாரியைக் குடைந்தேன். அப்பாவின் பழைய லுங்கி ஓரத்தை நகத்தால் சுரண்டினதும் நூல் வந்துவிட்டது, அது தேறிவிட்டது. பாலியெஸ்டர் துப்பட்டா வழுக்கிக்கொண்டே போகும், டி-ஷர்ட் பிரியாமல் சுருண்டுகொள்ளும், ரெண்டும் வேண்டாம். ஜீன்ஸ் அழகாகப் பிரியும்தான், ஆனால் எல்லாச் சதுரமும் ஜீன்ஸ் என்றால் போர்வையைத் தூக்கவே ரெண்டு பேர் வேண்டும்.

அப்புறம் அம்மாவின் சுங்குடிச் சேலை. பக்கத்து வீட்டு ஆஜி (மராத்திப் பாட்டி), "கோதடிக்கு (பழந்துணிப் போர்வைக்கு) பழைய புடவைதான் மெத்துன்னு இருக்கும், வெட்டு" என்கிறார். நாலு நாளாகக் கத்தரிக்கோல் அதன் மேலேயே கிடக்கிறது.