கிரகணத்துக்கு முந்திய பிழை

முதலில் என் கண்ணில் பட்டது அந்தப் பிள்ளையின் கட்டைவிரல். நுனி அகன்று, வெளிப்பக்கம் சாய்ந்திருந்தது. கால் பெருவிரலும் அப்படியே. யாழ்ப்பாணத்தில் சிறுவர்களுக்குக் கைப்பயிற்சி கொடுப்பது என் வேலை. அவனுடைய கரண்டிக் காம்பில் பழைய சைக்கிள் ரியூப்பைச் சுற்றித் தடிப்பாக்கிக் கொடுத்தேன். மூன்றாம் கிழமை பிட்டை வாய்வரை கொண்டுபோய்விட்டான். பாதி சட்டையில் கொட்டியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தாயின் மனம் கரண்டியில் இல்லை, கையிலிருந்த அறிக்கையில் இருந்தது. விரல்களையும் மூளை வளர்ச்சியையும் பாதிக்கும் ரூபின்ஸ்டைன்–டேபி நோய்க்கூட்டறிகுறி. 1963இல் இரு மருத்துவர்கள் விவரித்தது. ஏறத்தாழ ஒரு லட்சம் பிறப்புகளில் ஒன்றில் காணப்படுவது. அவரிடம் இதைத் தமிழில் யாரும் விளக்கியிருக்கவில்லை. அந்த மௌனத்தை மாமியார் நிரப்பியிருந்தார்.

"2019 டிசெம்பர் 26 கிரகணத்தன்று முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டேன், மிஸ். அப்போது மூன்று மாதம். அதனால்தானே?"

அன்று யாழ்ப்பாணத்து வானில் சூரியன் வளையமாய் நின்றதை நானும் பார்த்தேன்.

அவர் தையல்காரி. மேசை லாச்சியிலிருந்து ஒரு நூல்கட்டையை எடுத்தேன். டீ.என்.ஏ இப்படித்தான் புரதக் கட்டைகளில் இறுகச் சுற்றியிருக்கும். இறுகியிருந்தால் வாசிக்க முடியாது. பதினாறாம் நிறமூர்த்தத்திலுள்ள (குரோமோசோம்) சீ.ஆர்.ஈ.பீ.பீ.பீ என்ற பரம்பரையலகு (ஜீன்) ஒரு புரதத்தை ஆக்குகிறது. அது அந்தக் கட்டைகளில் அசற்றைல் கூட்டங்கள் என்ற சிறு இரசாயனத் துண்டுகளைச் சேர்த்துச் சுற்றைத் தளர்த்தும், ஆர்.என்.ஏ பிரதி எடுக்கும் நொதியத்தையும் அதற்குத் துணைநிற்பவற்றையும் ஓரிடத்தில் கூட்டும். அதன்பின்தான் வேறு பல பரம்பரையலகுகள் வேலை தொடங்கும். எல்லோருக்கும் சீ.ஆர்.ஈ.பீ.பீ.பீ பரம்பரையலகில் இரண்டு பிரதிகள். ஒன்று பழுதானாலே வளரும் மூளைக்கும் விரல்களுக்கும் புரதம் போதாது. நோய்க்கும் இந்தப் பரம்பரையலகுக்கும் உள்ள தொடர்பு 1995இல்தான் தெரியவந்தது.

"பழுது எப்போது வந்தது?"

"பெரும்பாலும் முட்டையிலோ விந்திலோ புதிதாக நேர்வது. கரு உண்டாவதற்கு முன்னரே."

நூலை விரலில் சுற்றியபடி கணக்குப் பார்த்தார். "அப்படியென்றால், கிரகணத்தன்று அது ஏற்கனவே இருந்திருக்கிறது."

"இருந்திருக்கிறது."

விரல் பயிற்சிதான் என் வேலை, விளக்கம் வைத்தியருடையது என்று பலகாலம் ஒதுங்கியிருந்தேன். அது தவறு. நான்கு வருடமாக ஒரு தாய் தன்னையே குற்றவாளியாக்கிச் சோறு ஊட்டியிருக்கிறார்; அந்தக் கையால் கொடுக்கும் பயிற்சி எப்படிச் சரியாக அமையும்?

"இதை மாமிக்கும் சொல்லுவீர்களா?" என்று கேட்டார்.

அடுத்த கிழமை மூவருமாக வந்தார்கள். நூல்கட்டையை மாமியாரின் கையில் கொடுத்து, முதலிலிருந்து தொடங்கினேன்.