ஸ்கேன் டிஸ்க்கைத் திறந்து பார்க்காமல் வாங்காதீர்கள்

பெங்களூர் ஓசூர் ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்ததில் தம்பிக்கு வலது கன்ன எலும்பும், கண்ணுக்கு அடியில் இருக்கும் மெல்லிய எலும்பும் உடைந்துவிட்டன. அட்மிஷன், இன்சூரன்ஸ் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. ஸ்கேனில்தான் மாட்டிக்கொண்டோம்.

உடையாத இடது பக்கத்தைக் கம்ப்யூட்டரில் கண்ணாடி பிம்பம் மாதிரித் திருப்பி வலது பக்கம் பொருத்துவார்கள். அதை மண்டையோட்டு மாடலாகப் பிரின்ட் எடுத்து, கண்ணைத் தாங்கப்போகும் டைட்டானியம் வலையை அதன் மேல் வைத்து முன்கூட்டியே வளைத்துவிடுவார்கள். டாக்டர் இதை விளக்கிவிட்டு, "வெளியே எடுத்த சி.டி. ஸ்கேன் டிஸ்க்கைக் கொண்டு வாங்க" என்றார்.

அல்சூரிலிருந்து டிராஃபிக்கில் நீந்திப் போய் வாங்கிவந்து கொடுத்தேன். திறந்து பார்த்தால் தலையை 5 மில்லிமீட்டர் இடைவெளியில் சீவிப் பார்த்த மாதிரி சில ஸ்லைஸ் படங்கள், அதுவும் சாதாரண ஃபோட்டோ மாதிரி ஜேபெக் ஃபைலாக. "இதில் அந்த மெல்லிய எலும்பே தெரியாதே. 1 மில்லிமீட்டருக்குள், டைகாம் ஃபைலாக வேண்டும்" என்றார் டாக்டர். டைகாம் என்பது மருத்துவ ஸ்கேன் படங்களுக்கென்றே உள்ள ஃபைல் வகை. நாளாக ஆக எலும்பு கோணலாகவே சேர ஆரம்பித்துவிடும். இரண்டு வாரத்துக்குள் ஆபரேஷனை முடிக்கப் பார்ப்பார்கள். ஆறு நாள் ஏற்கெனவே போயிருந்தது.

மறுபடி ஓடினேன். கவுண்டரில் இருந்தவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "ரிப்போர்ட் கொடுத்தாச்சு. வேணும்னா புதுசா பில் போட்டு ஸ்கேன் எடுங்க." இன்னொரு தடவை பணம் போனாலும் போகட்டும், தம்பி தலையில் எதற்கு இன்னொரு தடவை கதிர்வீச்சு? எனக்கு உடம்பெல்லாம் பதறியது.

நேராக உள்ளே போய் ஸ்கேன் எடுப்பவரைப் பார்த்தேன். கிருஷ்ணகிரிக்காரர். "அண்ணா, மெஷினில் பழைய டேட்டா இருக்குமா?" என்று கேட்டேன். தேடிப் பார்த்தார். இருந்தது! மெஷினில் இடம் நிரம்பினால் பழையது தானாக அழிந்துவிடுமாம். சில நாளுக்குமேல் நிற்காதாம். அதிலிருந்தே 0.625 மில்லிமீட்டரில் பிரித்து, முந்நூற்றுச் சொச்சம் படங்களைப் பத்தே நிமிடத்தில் ஏற்றிக் கொடுத்தார். அந்த மனிதருக்குக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

உங்களுக்கு இப்படி வந்தால், ஸ்கேனுக்கு முன்பே "மெல்லிய ஸ்லைஸ், டைகாம்" என்று டாக்டரிடம் சீட்டில் எழுதி வாங்குங்கள். கிளம்புமுன் டிஸ்க்கை அங்கேயே திறந்து, எத்தனை படம், யார் பெயர் என்று பாருங்கள். பிலிமை வைத்து மாடல் செய்ய முடியாது.

பத்தாம் நாள் ஆபரேஷன் முடிந்தது. வீக்கம் வடிந்தபின் தம்பியின் இரண்டு கண்ணும் ஒரே மட்டத்தில் இருந்தன. அம்மா அவன் முகத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள்.