கோப்புகளில் வாழ்ந்த நாடு

பெர்த் நகருக்குச் செல்லும் சிங்கப்பூர்க்காரர்கள் பெரும்பாலும் திராட்சைத் தோட்டங்களையும் ராட்னெஸ்ட் தீவையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். 2016 டிசம்பர் பள்ளி விடுமுறையில் நாங்கள் அங்கிருந்து இன்னும் 500 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே காரோட்டிச் சென்றதற்குக் காரணம் என் அப்பா. அரசாங்க அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராகச் சேர்ந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் கோப்புகளோடு காலம் தள்ளி ஓய்வு பெற்ற அவர், ஆஸ்திரேலியாவுக்குள் ஒரு விவசாயி தனி நாடு நடத்துகிறார் என்று எங்கோ படித்துவிட்டு, கங்காருவைப் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை, அதைப் பார்த்தே தீர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

ஹட் ரிவர் என்ற அந்த நாட்டை எந்த அரசும் அங்கீகரித்ததில்லை. பரப்பளவு 75 சதுர கிலோமீட்டர், அதாவது சிங்கப்பூரில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. தார்ச்சாலை முடிந்து சரளைப் பாதை தொடங்கியதும், இத்தகைய பாதையில் வாடகைக் காரை ஓட்டக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்ததை மனைவி நினைவூட்டினாள். நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அறுவடை முடிந்த கோதுமைத் தாள் இருபுறமும் வெயிலில் காய்ந்து கிடந்தது. காவலரோ தடுப்போ எங்கும் இல்லை. மலேசிய எல்லையிலுள்ள உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் மணிக்கணக்காகக் காத்துக் கிடந்து பழகிய எங்களுக்கு, ஒரு நாட்டுக்குள் இப்படி நுழைவது ஏதோ தவறு செய்வதைப் போலவே இருந்தது.

எல்லாவற்றுக்கும் மூலகாரணம் கோதுமைதான். 1969இல் மேற்கு ஆஸ்திரேலிய அரசு, விவசாயிகள் விற்கக்கூடிய கோதுமைக்கு உச்சவரம்பு விதித்தது. லியோனர்ட் கேஸ்லியின் பண்ணையில் சுமார் 9,900 ஏக்கர் விளைந்து நின்ற வேளையில், அவருக்குக் கிடைத்த அனுமதியோ ஏறக்குறைய 99 ஏக்கர் விளைச்சலுக்கு மட்டுமே. மாநில ஆளுநருக்கு முறையிட்டும் பயனில்லை. 1970 ஏப்ரல் 21 அன்று தம் நிலம் ஆஸ்திரேலியாவிலிருந்து பிரிந்துவிட்டதாக அவர் அறிவித்தார். பின்னர் ஆஸ்திரேலியாவின் தலைமை ஆளுநர் அலுவலகத்திலிருந்து வந்த ஒரு கடிதம், போகிறபோக்கில், அவரை ஹட் ரிவர் மாநிலத்தின் நிர்வாகி என்று விளித்துவிட்டது. அந்த ஒரு சொல்லே அங்கீகாரம் என்று அவர் பிடித்துக்கொண்டார். பதவியில் உள்ள இளவரசருக்குக் கீழ்ப்படிபவர்களைத் தண்டிக்க முடியாது என்ற பொருள்பட 1495ஆம் ஆண்டின் ஆங்கிலேயச் சட்டம் ஒன்று இருப்பதைக் கண்டெடுத்து, தம்மை இளவரசர் லியோனர்ட் என்று அறிவித்துக்கொண்டார்.

தலைநகரின் பெயர் நைன். அங்கிருந்தவை ஓர் அஞ்சலகம், ஒரு சிறு தேவாலயம், நினைவுப்பொருள் கடை, பிறகு கல்லில் செதுக்கிய இளவரசரின் மாபெரும் தலை. 91 வயதான இளவரசரைச் சந்திக்கும் வாய்ப்பு எங்களுக்குக் கிட்டவில்லை. மகன் கற்சிலையின் மூக்கடியில் நின்று படம் எடுத்துக்கொண்டான். அப்பாவோ பார்வைக்கு வைத்திருந்த பழைய கடிதங்களை விட்டு நகரவே இல்லை. "இவர் விவசாயி இல்லையப்பா, நம்மாளு, அசல் கிராணி" என்று ரகசியமாகச் சொன்னார்.

அது உண்மை என்றே எனக்கும் தோன்றியது. 1965 ஆகஸ்ட் 7ஆம் தேதி மலேசியாவுடன் கையெழுத்தான ஓர் ஒப்பந்தத்தால் இரண்டே நாளில் தனி நாடாகிவிட்ட ஊரிலிருந்து வருபவர்களுக்கு, காகிதத்தில் நாடு பிறப்பது வியப்பில்லை. ஆனால் நம்முடையதில் இரு தரப்பின் கையெழுத்தும் இருந்தது. இங்கே இருந்தது ஒரே கையெழுத்து. மறுதரப்பின் ஒப்புதலை எந்தக் கடிதத்தின் எந்த வரியிலிருந்தாவது உருவிவிட முடியுமா என்று தேடியதுதான் இந்த நாட்டின் அரசாங்கப் பணி. 1976இல் ஆஸ்திரேலிய அஞ்சல் துறை இவர்களுடைய தபாலைக் கையாள மறுத்தபோது, கடிதங்கள் கனடா வழியாகச் சுற்றி வந்தன. 1977 டிசம்பரில் ஆஸ்திரேலியா மீது போர் அறிவித்து, சில நாளில் அதை முடித்துக்கொண்டு, போரில் தோற்காத நாட்டுக்கு இறையாண்மை தானாகவே உண்டு என்று அதையும் கடிதமாக எழுதி அனுப்பினார் இளவரசர். ஒரு குண்டும் வெடிக்கவில்லை.

பொருளாதாரம் என்றால் கோதுமை, சுற்றுலா, தபால்தலை, நாணயம். அவர்களுடைய டாலரின் மதிப்பு ஆஸ்திரேலிய டாலருக்குச் சமம் என்றாலும், வேலியைத் தாண்டினால் அது செல்லாக்காசு. நிலையாக வசித்தவர்கள் முப்பது பேர்கூடத் தேற மாட்டார்கள், அவர்களிலும் பெரும்பாலோர் ஒரே குடும்பம்; குடியுரிமை பெற்றவர்களோ உலகெங்கும் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். நான்கு புறமும் நிலத்தால் சூழப்பட்ட இந்த நாடு, ஆதரவாளர்களுக்குக் கடற்படைப் பதவிகளையும் வழங்கியது என்பதை அறிந்தபோது, சிங்கப்பூரின் கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவையை நினைத்து இப்போதே பயந்துகொண்டிருந்த மகனுக்கு இங்கேயே குடியேறிவிடலாமே என்ற ஆசை வந்துவிட்டது.

கடப்பிதழில் முத்திரை குத்தித் தருகிறோம் என்றார்கள். சாங்கி விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரி கேட்டால் என்ன சொல்வது என்று மனைவி கண்டிப்பாக மறுத்துவிட்டாள். கடைசியில் மகனின் பள்ளிக் குறிப்பேட்டில் முத்திரை விழுந்தது. அப்பா ஒரு நாணயம் வாங்கினார். திரும்பும் வழியில் பார்த்த இளஞ்சிவப்பு ஏரி அழகுதான், ஆனால் அதைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை.

இரண்டே மாதத்தில், 2017 பிப்ரவரியில், இளவரசர் இளைய மகன் கிரேமுக்குப் பட்டத்தை விட்டுக்கொடுத்தார். அதே ஆண்டு மேற்கு ஆஸ்திரேலிய உச்ச நீதிமன்றம், லியோனர்ட் 27 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் வரிப் பாக்கியைக் கட்ட வேண்டும் என்று உத்தரவிட்டது. 2019 பிப்ரவரியில் லியோனர்ட் காலமானார். கொவிட் காலத்தில், 2020 ஆகஸ்ட் 3 அன்று, ஹட் ரிவர் தன்னையே கலைத்துக்கொண்டது; நிலத்தை விற்று வரியை அடைக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. அந்த வாரம் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரமெங்கும் தேசிய தினக் கொடிகள் தொங்கிக்கொண்டிருந்தன. செய்தியைப் படித்துக் காட்டியபோது அப்பா அலமாரியிலிருந்து நாணயத்தை எடுத்துத் துடைத்தார். நிலம் யாருக்குப் போகும் என்று அவர் கேட்கவில்லை. அந்தக் கடிதங்களை எல்லாம் யார் எடுத்து வைத்திருக்கிறார்கள் என்றுதான் கேட்டார்.