உள்ளுக்கும் உள்ளிலும்

கம்பத்தில் ஒரு சின்ன லேபில் நான் வேலை பார்த்தபோது, குமுளிப் பக்கத்து ஏலத்தோட்டங்களிலிருந்து காலை முதல் பஸ்ஸிலேயே ஆட்கள் வந்து இறங்குவார்கள். டாக்டரைப் பார்ப்பது அந்தப் பக்கம், ரத்தம் கொடுப்பது இந்தப் பக்கம்.

கர்ப்பப்பையைக் கருவுக்குத் தயார் செய்கிற ஹார்மோன் புரோஜெஸ்டிரோன். அதைப் பார்க்கச் சொல்லிச் சீட்டு வந்தால் முதலில் தேதியைத்தான் கேட்பேன். மாதவிலக்கு தொடங்கிய நாளிலிருந்து எண்ணி 21ஆம் நாள் எடுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். அது 28 நாள் கணக்குக்காரிக்குச் சரி. 35 நாளைக்கு ஒரு தடவை வருகிறவளுக்கு 28ஆம் நாள் எடுத்தால்தான் பொருள். முட்டை வெடித்து ஒரு வாரம் ஆகும்போதுதான் அந்த ஹார்மோன் உச்சியில் நிற்கும். மில்லிலிட்டருக்கு 3 நானோகிராமைத் தாண்டினால் முட்டை வந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள்.

இவ்வளவு கேட்கத் தெரிந்த நான், மாத்திரையைப் பற்றி ஒரு தடவை கேட்காமல் விட்டேன்.

குழந்தைக்காக வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த பெண். மெஷின் 38 என்று காட்டியது. ரொம்ப நல்ல எண் என்று எனக்கே சந்தோஷம். ரிப்போர்ட்டோடு வெளியே போனால், அவள் பெஞ்சில் சுவரோடு சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பினேன். "தெனமும் இப்படித்தாங்க்கா, மாத்திரை முழுங்கினா கண்ணைச் சொக்குது" என்றாள்.

முழுங்கினாளா! அது கர்ப்பப்பைக்காகப் பிறப்புறுப்பில் வைக்கச் சொன்ன புரோஜெஸ்டிரோன் மாத்திரை. டாக்டரம்மா மலையாளத்தில் 'உள்ளில் வைக்கணம்' என்றிருக்கிறார். கூடப் போன மாமியார் காதில் அது 'உள்ளுக்கு' என்று விழுந்திருக்கிறது. நம் ஊரில் உள்ளுக்கு மருந்து என்றால் வாயில் போடுவதுதானே?

விழுங்கிய புரோஜெஸ்டிரோன் குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. பெரும்பகுதியை அங்கேயே உடைத்துவிடுவார்கள், கல்லீரல்காரர்கள். உடைந்ததில் ஒன்று அலோபிரெக்னனோலோன். அது மூளைக்குப் போய்த் தூக்க மாத்திரை மாதிரி வேலை செய்யும். இன்னொன்று பிரெக்னேன்டையால், குளுகுரோனிக் அமிலத்தோடு சேர்ந்து சிறுநீரில் வெளியேறிவிடும். சிக்கல் என்னவென்றால், உடைந்த துண்டுகளில் சிலவற்றுக்குத் தாயான புரோஜெஸ்டிரோனின் சாடை இருக்கிறது. எங்கள் மெஷினில் ஹார்மோனை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்கிற ஆன்டிபாடி என்ற புரதம் சாடையைப் பார்த்து ஏமாந்து அவற்றையும் சேர்த்து எண்ணிவிடும். எடையை வைத்துப் பிரித்துப் பார்க்கிற மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி இப்படிச் சுலபத்தில் ஏமாறாது. அதை வாங்க எங்கள் முதலாளி லேபையே விற்க வேண்டியிருக்கும்.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். ஒரு வாரம் முறையாக வைத்த பிறகு மறுபடி எடுத்தோம். 11.

மாமியாருக்கு முகம் மாறிவிட்டது. "முப்பத்தெட்டு இருந்ததைப் பதினொண்ணாக்கிட்டீங்களே தாயி!"

அங்கே வைத்தால் மருந்து நேராகக் கர்ப்பப்பையில் ஊறிவிடும், ரத்தத்தில் குறைச்சலாகத்தான் தெரியும் என்று சொல்லிப் பார்த்தேன். டீ வாங்கிக் கொடுத்து மறுபடியும் சொன்னேன். தலையாட்டினார். போகும்போது பழைய ரிப்போர்ட்டை மட்டும் பத்திரமாக மடித்து மஞ்சப்பைக்குள் வைத்துக்கொண்டார்.