நானும் கட்டிய கடன்

திரையில் "2015" என்று வந்ததும் பக்கத்து இருக்கைப் பாட்டி கையிலிருந்த டீக் கோப்பையைத் தரையில் வைத்துவிட்டார்.

லண்டன் பிரிக்ஸ்டனில் ஒரு சின்ன மண்டபம், மடக்கு நாற்காலிகள், முப்பது பேர் இருப்போம். அடிமைமுறையை எதிர்த்தவர்கள் பற்றிய ஆவணப்படம்.

1831 கிறிஸ்துமஸ் சமயம், அப்போது பிரிட்டிஷ் காலனியாக இருந்த ஜமைக்காவில் சாம் ஷார்ப் என்ற அடிமை ஆரம்பித்த வேலைநிறுத்தம், அது பெருங்கலகமாக வெடித்தது, முந்நூறு பேருக்கு மேல் மரணதண்டனை, 1832 மே மாதம் ஷார்ப்பும் தூக்கில். அடுத்த வருஷமே லண்டனில் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம். நமக்குப் பள்ளியில், அடிமைமுறையை எதிர்த்த ஆங்கிலேய எம்.பி. வில்பர்ஃபோர்ஸ் பெயரை மட்டும்தான் சொன்னார்கள்.

அப்புறம் நஷ்டஈடு, 2 கோடி பவுண்டு. அடிமைகளாக இருந்தவர்களுக்கு ஒரு பைசா கிடையாது, முழுக்க முதலாளிகளுக்கு! அதற்காக அரசு வாங்கிய கடன் அடைந்து முடிந்ததுதான் அந்த 2015.

நான் 2009-லிருந்து இங்கே வரி கட்டுகிறேன். சம்பளச் சீட்டில் அந்தப் பிடித்தத்தைப் பார்த்து அலுத்துக்கொண்டதோடு சரி, எங்கே போகிறது என்று யோசித்ததே இல்லை.

பாட்டி சிறுமியாக ஜமைக்காவிலிருந்து வந்தவராம். முப்பது வருஷம் நர்ஸ் வேலை.

விளக்கு போட்டதும் என் பக்கம் திரும்பி, "அப்போ நானும் கட்டியிருக்கிறேன், இல்லையா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

அடுத்த வாரம் ஹைட்டி பற்றிய படமாம். பாட்டிக்குப் பக்கத்து நாற்காலியைச் சொல்லி வைத்திருக்கிறேன்.