நாலு போச்சு, நாலு வந்துச்சு

கால்சியத்தைப் பிடிக்கும் கால்மோடுலின் என்ற புரதத்தின் படிக அமைப்பை (கோப்பின் அடையாளம் 1சிஎல்எல்), மூலக்கூறுகளைத் திரையில் காட்டும் பைமோல் மென்பொருளில் இறக்கி, அமினோ அமிலங்களை எண்ண பைத்தானில் பத்து வரி எழுதினால் பெரும்பாலும் 148 என்று விடை வரும். பாடப்புத்தகத்திலும் 148தான். எழுதியவர் நிம்மதியாக டீக்கடைக்குக் கிளம்பிவிடுவார். விடை தப்பு.

படிகத்தில் தெரிவது 144 மட்டுமே. முன்முனையில் மூன்றும் பின்முனையில் ஒன்றும் ஆடிக்கொண்டே இருப்பதால் எலக்ட்ரான் அடர்த்தியில் சிக்கவில்லை. மீதி நாலு யார்? கால்சியம் அயனிகள்! எண்ணும்போது எல்லோரும் ‘நேம் சிஏ’ என்று ஆல்ஃபா கார்பனைத்தான் பிடிப்பார்கள்; அமினோ அமிலத்துக்கு அது ஒன்றே ஒன்று. கால்சியத்தின் அணுப்பெயரும் அதே சிஏ. அணுக்களை வரிவரியாகப் பட்டியலிடும் பிடிபி கோப்பில் கால்சியம் 13ஆவது கட்டத்திலும் கார்பன் 14ஆவது கட்டத்திலும் தொடங்குவதால் பழகிய கண் கண்டுபிடித்துவிடும். அணுக்களைப் பொறுக்க பைமோல் வைத்திருக்கும் தேர்வுமொழிக்கு அந்த இடைவெளியெல்லாம் கணக்கில்லை. ஒரே தெருவில் ரெண்டு முருகேசன் இருந்தால் தபால்காரர் ரெண்டு வீட்டிலும்தானே மணியடிப்பார்? ‘நேம் சிஏ அண்ட் எலம் சி’ என்று எழுதுங்கள், 144 வரும். விடுபட்டதும் நாலு, திருட்டுத்தனமாக நுழைந்ததும் நாலு என்பதுதான் கொடுமை.

அடுத்து ஆசை வரும்: கால்சியத்தைச் சுற்றி 3 ஆங்ஸ்ட்ராமில் யார் யார் இருக்கிறார்கள் என்று சிவப்பில் காட்ட ஒரு சொந்தக் கட்டளை. ஃபங்ஷனை எழுதி, கடைசி வரியில் அதைப் பைமோல் கட்டளையாகப் பதிவுசெய்யும் சிஎம்டி.எக்ஸ்டெண்ட் போட்டு, ‘ரன்’ கொடுத்தால் கட்டளை தயார். 3 என்றால் சரியாக வேலை செய்யும், ஏனென்றால் கால்சியம்–ஆக்ஸிஜன் பிணைப்பு 2.4 ஆங்ஸ்ட்ராம் அளவில்தான். கொஞ்சம் தள்ளிப் பார்ப்போமே என்று உள்ளே ஆரத்தை இரண்டால் பெருக்கினால் புரதம் முழுக்கச் சிவந்துவிடும். கட்டளை வரியில் தட்டுவதெல்லாம் எண்ணாக இல்லாமல் ஸ்ட்ரிங்காக, அதாவது வெறும் எழுத்தாகத்தான் ஃபங்ஷனுக்குள் போகும். பைத்தானில் ‘3’ என்ற ஸ்ட்ரிங்கை இரண்டால் பெருக்கினால் 6 இல்லை, 33! கால்மோடுலினின் மொத்த நீளமே சுமார் 65 ஆங்ஸ்ட்ராம், கால்சியமோ இரண்டு முனையிலும் இருக்கிறது. பிறகு யார் தப்புவார்? முதல் வரியிலேயே ஃப்ளோட் போட்டு எண்ணாக மாற்றுங்கள். 0, 1 என்று வாங்கும் இடங்களில் முழு எண்ணாக மாற்றும் இன்ட் கட்டாயம். ‘0’ என்ற ஸ்ட்ரிங்கும் பைத்தானுக்கு உண்மைதான், ‘வேண்டாம்’ என்று நீங்கள் சொன்னது அதற்கு ‘வேண்டும்’ என்றே கேட்கும்.

சிக்கியவர்களின் பட்டியல் எடுக்க, அணு அணுவாக நடக்கும் இட்டரேட் கட்டளை. அது உங்கள் ஃபங்ஷனின் மாறிகளைப் பார்க்காது. ஸ்பேஸ் என்ற அகராதியில் வைத்துக் கொடுத்தால்தான் தெரியும். கிடைக்கும் ரெசி, அதாவது அமினோ அமிலத்தின் வரிசை எண்ணும் ஸ்ட்ரிங்தான், அதனால் வரிசைப்படுத்தினால் 100க்குப் பின்னால் 20 நிற்கும். இன்ட் போட்டுத் தீர்த்துவிட்டோம் என்று நிமிரும்போது யாராவது ஆன்டிபாடி கோப்பைக் கொண்டுவருவார். அதில் 52க்குப் பிறகு 52ஏ இருக்கும், ஸ்கிரிப்ட் அங்கேயே படுத்துவிடும். ரெஸ்வி என்ற எண் வடிவமும் இட்டரேட்டில் கிடைக்கும். முதலில் ரெஸ்வி, பிறகு ரெசி என இரண்டையும் சேர்த்து வரிசைப்படுத்தினால் சண்டை ஓயும்.

கோப்பைத் திருத்திச் சேமித்த பிறகு மறுபடி ‘ரன்’ கொடுக்காமல் பழைய பிழையையே அரைமணி நேரம் முறைத்துப் பார்ப்பது தனி வகை. புதுக் கட்டளைக்குக் ‘கலர்’ என்று பெயர் வைப்பது இன்னொரு வகை. பைமோலின் சொந்தக் கலர் கட்டளை மறைந்துவிடும், பிறகு மற்ற ஸ்கிரிப்டுகள் ஒவ்வொன்றாக அழ ஆரம்பிக்கும்.

பி-ஃபேக்டர் (அணு எவ்வளவு ஆடுகிறது என்பதன் அளவு) அதிகமானால் சிவப்பு, அதாவது ஆடும் பகுதி என்று வண்ணமடிக்கும் ஸ்கிரிப்ட் வைத்திருப்பவர்கள் அதை, புரத வடிவத்தைக் கணினியில் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டின் கோப்பில் அப்படியே ஓட்ட வேண்டாம். அங்கே அதே பத்தியில் இருப்பது நம்பக மதிப்பெண். 90க்கு மேல் என்றால் மிக நம்பகம், 50க்குக் கீழ் என்றால் கைவிரிப்பு. கணிப்பின் ஆகச் சிறந்த பகுதியே சிவப்பாகி அபாய அறிவிப்பு போல நிற்கும். வண்ண வரிசையைத் திருப்பிப் போட்டு, எல்லைகளை 50, 90 என்று வையுங்கள்.